பூட்டிய அறையில் கிடக்கும் கணினிகள்: கல்லூரி முதல்வர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம். தமிழ்நாட்டில் பள்ளி, கல்லூரிக் கணினி ஆய்வகங்களைப் பராமரிப்பதும் பழுது பார்ப்பதும் எங்கள் தொழில். உங்கள் வளாகத்தில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறையைப் பற்றித்தான் இந்த மடல். மாடிப்படிக்கு அடியிலோ பழைய ஆய்வகத்துக்குப் பின்னாலோ அது இருக்கும். உள்ளே சிபியூ மேல் சிபியூ, அதற்கும் மேல் பழைய குழாய் மானிட்டர், மூலையில் உப்புப் பூத்த யூபிஎஸ் பேட்டரி.

அந்த அறை ஏன் பூட்டிக் கிடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். இருப்புப் பதிவேட்டில் 60 கணினி என்று இருந்தால் தணிக்கைக்கு வருபவரிடம் 60-ஐயும் காட்டியாக வேண்டும். அவை ஓடுகின்றனவா என்பது அங்கே கேள்வியே இல்லை. அதனால் செத்த கணினியும் பதிவேட்டில் உயிரோடு இருக்கிறது. கழிவு செய்யக் கோப்பு எழுதி, குழு கூட்டி, ஒப்புதல் வாங்குவதைவிடப் பூட்டுப் போடுவது எளிது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அந்தப் பூட்டுக்குப் பின்னால் நடப்பதை நீங்கள் அறிய வேண்டும்.

இன்று கழற்றிவைத்த கணினியின் ரேம், எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி), மின்விசிறி எல்லாம் அடுத்த மேசையில் ஓடும் அதே மாடலுக்கு உதிரி பாகம். நாலு வருடம் பூட்டி வைத்தால் அந்த மாடலே உங்கள் வளாகத்தில் இருக்காது. பழைய டிடிஆர்3 வகை ரேம், அடுத்த வகையான டிடிஆர்4-க்கு உரிய தாய்ப்பலகையில் நுழையவே நுழையாது, நடுப் பள்ளம் இடம் மாறியிருக்கும். சார்ஜ் இல்லாமல் கிடக்கும் யூபிஎஸ் பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து, சில மாதங்களில் மீளாத நிலைக்குப் போய்விடும். மடிக்கணினியின் லித்தியம் பேட்டரி உப்பலாம். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் அதுதான் அடையாளம். அதை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. கழற்ற முடிந்தால் கழற்றி, மணல் போட்ட இரும்பு வாளியில் தனியே வையுங்கள். காகிதக் கட்டுகள் இருக்கும் அறையில் ஒரு நாள்கூட வேண்டாம்.

ஆகவே எங்கள் கோரிக்கை இது: ஒரு கணினி ஓய்வு பெறும் ஆண்டை, அதை வாங்கிய அன்றே பதிவேட்டில் எழுதுங்கள். வரிசை எண், ரேம், டிஸ்க் அளவு, உத்தரவாதம் முடியும் தேதி, அதை அடுத்து மறுபரிசீலனை ஆண்டு என்று ஒரு கட்டம். மேசைக் கணினிக்கு ஐந்தாம் ஆண்டில் ஒரு முறை, எட்டாம் ஆண்டில் ஒரு முறை பார்த்தால் போதும். 100 கணினி தேவையென்றால் ஆண்டுக்கு 20 என்று வாங்குங்கள். ஒரே நாளில் வாங்கியவை ஒரே பருவத்தில்தான் படுக்கும். 20-உம் ஒரே மாடலாக இருக்கட்டும், ஒன்று போனால் அதன் பாகங்களில் மற்றவை ஓடும். ஒப்பந்தப்புள்ளியிலேயே இரண்டு நிபந்தனை சேருங்கள்: ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைத்ததாக இருக்கக் கூடாது, ஒரு ரேம் இடமாவது காலியாக இருக்க வேண்டும்.

ஐந்தாம் ஆண்டில் பெரும்பாலான கணினிகளுக்குச் சாவு வருவதில்லை, வைத்தியம்தான் தேவை. ‘மெதுவாக இருக்கிறது’ என்று ஒதுக்கப்பட்டவற்றில் பழைய சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கினால், இரண்டு மூன்று நிமிடம் எடுத்த தொடக்கம் அரை நிமிடத்துக்குள் முடியும். ‘இணையம் வரவில்லை’ என்று வருவனவற்றில் பல, தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்தவை. தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும், உடனே எல்லாத் தளமும் சான்றிதழ் பிழை காட்டும். இரண்டு மூன்று டீ விலையில் தீரும் வேலை அது. பத்து நிமிடத்தில் தானே அணைந்தால் செயலியின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கில் தூசியா, இரண்டுக்கும் நடுவே பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்று பாருங்கள். பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு உளுந்து அளவு புதிது வைத்தால் போதும். ப்ளோயர் அடிக்கும்போது விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் அது தாறுமாறாகச் சுழன்று கெட்டுப்போகும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் மாணவர்கள் திறக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஷாக் அடிக்கும் அளவு மின்னூட்டம் நிற்கும்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 14 அக்டோபர் 2025-இல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் செயலி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். இதைக் காரணம் காட்டி நன்றாக ஓடும் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளை மொத்தமாகக் கழிக்கச் சொல்பவர்கள் வருவார்கள். அவசரப்படாதீர்கள். லினக்ஸ் மின்ட், உபுண்டு, மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளங்கள் எல்லாம் இவற்றில் ஓடும். சி, பைத்தான், லிப்ரே ஆபிஸ், தமிழ்99 தட்டச்சு எல்லாம் அவற்றில் உண்டு. விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளுக்குப் புதிய கணினி நாலைந்து போதும்.

உண்மையிலேயே விடைகொடுக்க வேண்டியவற்றுக்கு வருவோம். இங்கே நாங்கள் காணும் மிகப் பெரிய தவறு டிஸ்க்கில்தான் நடக்கிறது. அலுவலகக் கணினியின் டிஸ்க்கில் மாணவர்களின் ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கும். ஃபார்மேட் செய்தால் அழிந்துவிட்டது என்று நம்பி எடைக்குப் போடுகிறார்கள். வழக்கமான விரைவு ஃபார்மேட், கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலை மட்டும்தான் நீக்கும். கோப்பு அப்படியே கிடக்கும். இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருளே அதை எடுத்துக் கொடுத்துவிடும்.

சுழலும் டிஸ்க் என்றால் லினக்ஸ் பென்டிரைவில் கணினியைத் தொடங்கி, டிஸ்க் முழுக்க ஒரு முறை சுழியம் எழுதுங்கள். ஏழு முறை, முப்பத்தைந்து முறை எல்லாம் தேவையில்லை. 500 ஜிபிக்கு ஏறத்தாழ ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். பத்துக் கணினியில் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் ஒரு நாளில் ஓர் ஆய்வகம் முடிந்துவிடும். எஸ்எஸ்டிக்கு இந்த முறை போதாது. அது தேய்மானத்தைப் பங்கிட எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், நம் கண்ணுக்குக் காட்டாத உபரி இடமும் வைத்திருக்கும். அதன் உள்ளேயே இருக்கும் செக்யூர் எரேஸ் (முழுமையாக அழிக்கும்) கட்டளையைத்தான் கொடுக்க வேண்டும். டிஸ்க் ‘ஃப்ரோசன்’ (கட்டளை ஏற்காத பூட்டு நிலை) என்று மறுத்தால் கணினியை ஒரு முறை தூங்கவைத்து எழுப்புங்கள், பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். பதிலே சொல்லாத டிஸ்க்கைத் துளையிட வேண்டியதுதான். மடிக்கணினி டிஸ்க்கின் தட்டு பலவற்றில் கண்ணாடி, நொறுங்கித் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கவசம் இல்லாமல் கை வைக்க வேண்டாம். பெரிய ஜெராக்ஸ் இயந்திரம் பலவற்றின் உள்ளேயும் டிஸ்க் உண்டு, அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

பிறகு யாரிடம் கொடுப்பது? எடைக்கு வாங்குபவர் கூடுதல் விலை சொல்லலாம். செம்புக்காக வயரின் பிவிசி உறையை எரிப்பதும், தங்கத்துக்காகப் பலகையை அமிலத்தில் ஊறவைப்பதும் அந்த வழியில்தான் நடக்கின்றன. பயனில்லாத குழாய் மானிட்டர் கண்ணாடி ஏரிக்கரைக்குப் போகும், அதில் கிலோ கணக்கில் ஈயம் இருக்கிறது. 1 ஏப்ரல் 2023 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, ஒரு நிதியாண்டில் எப்போதாவது குறைந்தது 1000 மின், மின்னணுச் சாதனங்களைப் பயன்படுத்திய நிறுவனம் ‘மொத்த நுகர்வோர்’ (bulk consumer) ஆகும். ஏசி, டிவி, குளிர்பதனப் பெட்டியும் அந்த எண்ணிக்கையில் சேரும் என்பதால் நடுத்தரக் கல்லூரிகூட அதைத் தாண்டிவிடலாம். அப்படியானால் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம் மட்டுமே கழிவைக் கொடுக்க வேண்டும். 1000-க்குக் கீழே இருந்தாலும் அதையே செய்யுங்கள். பதிவு எண்ணை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் சரிபார்த்த பிறகே வண்டியை உள்ளே விடுங்கள். ரசீதில் ‘பழைய பொருட்கள், 1 லாட்’ என்று எழுத விடாதீர்கள். ஒவ்வொரு வரிசை எண்ணும், டிஸ்க் அழித்த தேதியும், அழித்தவர் கையெழுத்தும் இணைப்பாக இருக்கட்டும். தணிக்கையில் உங்களைக் காப்பாற்றுவது அந்தத் தாள்தான். யூபிஎஸ் பேட்டரிக்கு 2022-இலிருந்து தனி விதி. புதியது வாங்கும்போதே பழையதை விற்பனையாளரிடம் கொடுத்து ரசீது பெறுங்கள்.

வரும் கோடை விடுமுறையில் ஒரு வாரம் ஒதுக்கி அந்த அறையைத் திறந்து எண்ணுங்கள். ஓடுவது, பாகத்துக்கு ஆவது, கழிக்க வேண்டியது என்று மூன்றாகப் பிரித்துச் சுண்ணக்கட்டியால் குறி போடுங்கள். கழிவுக் குழுவை ஜூன் மாதத்துக்குள் கூட்டுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புப் பணியாளர்கள்