தாலிக்கு முன் ஐசியை (அடையாள அட்டையை)ப் பாருங்கள்: பினாங்கு ஆலய நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

ஆலயத் தலைவர்களுக்கும் செயலவையினருக்கும் வணக்கம்.

பிறையில் அடுக்குமாடி வீட்டில் பல வருடங்களாகக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு, நான்காம் படிவத்தில் (பதினாறு வயது வகுப்பு) இருக்கும்போதே, ஒரு சிறிய கோயிலில் கல்யாணம் நடந்தது. அழைப்பிதழ் கிடையாது. விடியற்காலை முகூர்த்தம், இருபது பேர், பொட்டலத்தில் பசியாறல். மாலையை வயிற்றை மறைக்கிற மாதிரி அத்தைக்காரி இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை லோரி கெலிண்டான் (ஓட்டுநரின் உதவியாள்), வயது 19. "எப்படியோ மானத்தைக் காப்பாத்தியாச்சு டீச்சர்" என்றார் அம்மா.

சட்டப்படி அது கல்யாணமே இல்லை. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தில் முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் திருமண வயது 18. பதினாறு முடிந்த பெண்ணுக்கு மாநில முதல்வர் தனி அனுமதி தரலாம். அதற்கும் கீழே என்றால் வழியே கிடையாது. உங்களில் சிலர் திருமணத் துணைப் பதிவதிகாரிகள். இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிள்ளை பிறந்த பிறகுதான் வினை தெரிந்தது. பதிவுத் திருமணம் இல்லையென்றால், அப்பாவும் சேர்ந்து வந்து கேட்டால்தான் பிறப்புப் பத்திரத்தில் அவர் பெயர் ஏறும். அவன் வரவில்லை. கொஞ்ச நாளில் வேலைக்கென்று ஜொகூர் போனவன் போனவன்தான். மனைவி என்று ஜீவனாம்சம் கேட்க முடியாது. பிள்ளைக்குக் கேட்கலாம், ஆளைத் தேடிப் பிடித்தால்.

கர்ப்பத்தை மறைத்ததில் ஐந்தாம் மாதம் வரை கிளினிக் பக்கமே போகவில்லை. அந்த வயதில் ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, குறைப்பிரசவம் எல்லாமே வர வாய்ப்பு அதிகம். ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதவில்லை. இப்போது பாயான் லெப்பாஸில் பேக்கிங் வேலை, இரவு ஷிப்ட், தினமும் பாலம் கடந்து பஸ். பேரனைப் பார்த்துக்கொள்ள அம்மா கேண்டீன் வேலையை விட்டுவிட்டார். மானத்துக்கு விலை அம்மாவின் ஒரு முழுச் சம்பளம் என்று கணக்குப் போட்டேன். டியூஷன் டீச்சர் புத்தி.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். கல்யாணத்துக்குத் தேதி கேட்டு வந்தால் முதலில் இருவரின் ஐசியையும் வாங்கிப் பாருங்கள். வயது பத்தவில்லை என்றால் தேதி கொடுக்காதீர்கள். "பக்கத்துக் கோயிலில் கொடுப்பார்கள்" என்பார்கள். அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பெண்ணுக்குப் பதினாறுகூட ஆகவில்லையென்றால் அங்கே கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை. அவள் சம்மதித்திருந்தாலும், அவளோடு உறவு கொண்டதைச் சட்டம் வன்புணர்வு என்றுதான் சொல்கிறது. 15999 என்ற அரசாங்க உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

அப்புறம் இன்னொன்று. திருவிழா வசூலில் சின்னதாக ஒரு பங்கை, இப்படிப்பட்ட பெண்கள் தனித்தேர்வராக எஸ்பிஎம் எழுத ஒதுக்க முடியுமா? என்னிடம் படித்த அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி வருகிறாள். பிள்ளை மேசைக்கடியில் உட்கார்ந்து கலர் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கும். கணக்குக்கு நான் இருக்கிறேன். மலாயும் வரலாறும் தேறாமல் சான்றிதழ் கிடைக்காது. அந்த இரண்டுக்கும் ஆள் தேடுகிறேன். உங்கள் ஆலயத்தில் வகுப்பறை ஏதாவது ஞாயிறு மதியம் காலியாக இருந்தால் சொல்லுங்கள், என் வீட்டுக் கூடத்தில் இடம் பத்தவில்லை.