உயிரணுவைக் கட்டுப்படுத்தக் கணக்கு மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களில் செயற்கை உயிரியலைப் பற்றி (ஒன்றையொன்று இயக்கும் மரபணுக்களைச் சுற்றுகளாகக் கோத்து உயிரணுவுக்குள், அதாவது செல்லுக்குள், வைக்கும் துறை) எழுதும்போதெல்லாம் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: கட்டுப்பாட்டுப் பொறியியல் (வெளியீட்டை அளந்து, பிழையைப் பார்த்து இயந்திரத்தைத் திருத்தும் பின்னூட்டக் கலை) படித்தவர்கள் இந்தத் துறைக்கு எளிதில் மாறலாம், சமன்பாடு எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்க்கத் தெரிந்தால் போதும். மாறலாம் என்பது சரி. போதும் என்பதுதான் தவறு.

மாறியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் முர்ரே ரோபோக் கைகளின் கணிதத்தில் பெயர் எடுத்தவர். 2005-இல் ஓட்டுநரில்லா வண்டிகளின் பாலைவனப் போட்டிக்கு அணியை நடத்தியவர். பிறகு செல்லுக்குள் இயங்கும் பின்னூட்டச் சுற்றுகளுக்கு வந்தார். சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முஸ்தபா கம்மாஷும் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டிலிருந்து வந்தவர்தான். இருவருமே தாளோடு நின்றுவிடவில்லை. இருவர் குழுக்களிலும் ஆய்வக மேசை வேலை நடக்கிறது. அதற்குக் காரணம் உண்டு.

தொகையீட்டுக் கட்டுப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். பிழையைக் கூட்டிக்கொண்டே போ, அது பூஜ்யமாகும் வரை விடாதே என்பது பாடம். இதைச் செல்லுக்குள் செய்ய பிரியாட், குப்தா, கம்மாஷ் மூவரும் 2016-இல் ஒரு வழி சொன்னார்கள். இரண்டு மூலக்கூறுகள். முதலாவது, நாம் விரும்பும் அளவுக்கு ஏற்ற மாறா வேகத்தில் உருவாகிறது. இரண்டாவது, வெளியீட்டுப் புரதத்தின் அளவுக்கு ஏற்ற வேகத்தில் உருவாகிறது. சந்தித்தால் ஒன்றையொன்று முடக்கிவிடும். இரண்டின் வித்தியாசம்தான் பிழையின் தொகையீடு. 2019-இல் இதை ஈ.கோலை பாக்டீரியாவில் ஒரு சிக்மா காரணியையும் (மரபணுவை இயக்கத் தேவையான ஒரு புரதம்), அதைப் பிடித்து முடக்கும் எதிர்க் காரணியையும் வைத்துச் செய்தும் காட்டினார்கள்.

சிக்கல் எங்கே? செல் வளர்கிறது, இரண்டாகப் பிரிகிறது. பிரியும்போது நம் கட்டுப்படுத்தியான அந்த இரண்டு மூலக்கூறுகளும் பங்கு பிரிகின்றன. 30 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் பாக்டீரியாவில் எல்லா மூலக்கூறுகளும் நிமிடத்துக்கு 0.023 என்ற விகிதத்தில் நீர்த்துப்போகின்றன. கால மாறிலி சுமார் 43 நிமிடம். அதாவது நம் தொகையீட்டியின் நினைவில் ஓட்டை விழுந்துவிட்டது. சில நிமிடங்களில் வந்துபோகும் இடையூற்றில் இது பெரிதாகத் தெரியாது. மணிக்கணக்கில் நீடிக்கும் இடையூற்றில் பிழை பூஜ்யத்துக்கு வராது, பாதி வழியில் நின்றுவிடும். கட்டுப்படுத்தியின் வினைகளை வளர்ச்சியை விடப் பல மடங்கு வேகமாக்கினால் பிழை குறையும். ஆனால் வேகம் என்றால் அதிகப் புரதம்; அதிகப் புரதம் என்றால் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் அந்த வேலைக்குப் போய்விடும்; செல்லின் வளர்ச்சி வேகமே மாறும். எந்த 0.023-ஐ வைத்து வடிவமைத்தோமோ அந்த எண்ணே நம் கட்டுப்படுத்தியால் நகர்ந்துவிடுகிறது. ஆலையில் எந்த மோட்டாரும் கட்டுப்படுத்தியைப் பொருத்தியதற்காகத் தன் எடையை மாற்றிக்கொள்வதில்லை.

இதே நீர்த்தல் இன்னொரு இடத்தில் நண்பனாகவும் வரும். 2000-இல் எலோவிட்ஸ், லைப்லர் இருவரும் மூன்று அடக்கிப் புரதங்களை (ஒவ்வொன்றும் அடுத்ததன் மரபணுவை அணைக்கும்) வட்டமாகக் கோத்து உருவாக்கிய அலையியற்றியில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுச் செல்கள் மட்டுமே அலைந்தன, அதுவும் ஒழுங்கில்லாமல். புரதங்களை விரைவில் சிதைக்க ஒட்டியிருந்த வால்களை 2016-இல் வேறொரு குழு நீக்கியது. சிதைவு வேலையை நீர்த்தலிடமே விட்டு, இன்னும் சில திருத்தங்களும் செய்தபோது அலை ஏறத்தாழ 14 தலைமுறைக்கு ஒருமுறை என்ற கணக்கில் சீராக ஓடியது. கணினி மாதிரியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, வால் ஒட்டிய புரதங்கள் எல்லாம் சிதைக்கும் ஒரே நொதிக்காக முட்டிமோதுவது தானாகத் தோன்றாது.

சுமை என்ற சொல் மின்பொறியாளருக்குப் புதிதல்ல. டெல் வெக்கியோ, நின்ஃபா, சொன்டாக் மூவரும் 2008-இல் காட்டியது அதைத்தான்: ஒரு மரபணுச் சுற்றின் வெளியீட்டை அடுத்த சுற்றோடு இணைத்தால், அடுத்த சுற்றின் டிஎன்ஏ-வில் போய் ஒட்டிக்கொண்ட மூலக்கூறுகள் முதல் சுற்றுக்கு இல்லாமல் போகின்றன, முதல் சுற்று மந்தமாகிறது. அந்த அடுத்த சுற்று, செல்லுக்கு நூற்றுக்கணக்கில் பெருகும் பிளாஸ்மிடில் (பாக்டீரியாவில் தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) இருந்தால் கேட்கவே வேண்டாம்.

புதிதாக வருபவர் அதிகம் வழுக்குவது அளவீட்டில்தான். மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று காட்டச் சேர்க்கும் பச்சை ஒளிர் புரதத்தின் ஒளியைச் செல் அடர்த்தியால் வகுத்து, வந்த வளைகோட்டை வெளியீடு என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் புரதம் உருவானதும் ஒளிராது, முதிர்வதற்கு நேரம் எடுக்கும். அது வளையத்தில் ஒரு தாமதம். உருவான பின் எளிதில் சிதையாது, நீர்த்தலால்தான் குறையும். ஆகவே மரபணு ஒரு நிமிடத்தில் அணைந்தாலும் ஒளி பாதியாக ஓர் இரட்டிப்பு நேரம் ஆகும். உற்பத்தி வேகம் வேண்டுமானால் ஒளியின் மாறுவீதத்தைச் செல் அடர்த்தியால் வகுக்க வேண்டும். வகையீடு இரைச்சலைப் பெருக்கும் என்பது நமக்குத் தெரிந்த கதை. செல் அடர்த்தி குறைவாக இருக்கும் முதல் சில மணி நேரத் தரவில் அது பேயாட்டம் ஆடும்.

அளவெடுக்கும் 96 குழித் தட்டிலும் கவனம் வேண்டும். குழிக்கு 200 மைக்ரோலிட்டர் ஊற்றி 37 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க வைத்தால் ஓரக் குழிகள் வற்றும். அவற்றில் வெறும் நீரை ஊற்றிவிட்டு நடுக் குழிகளை மட்டும் பயன்படுத்துங்கள். ஈஸ்ட் சாறு கலந்த ஊடகம் (செல் வளரும் ஊட்டத் திரவம்) தானே ஒளிரும், அதனால் எம்9 போன்ற தெளிந்த ஊடகம் நல்லது. வெறும் ஊடகத்தின் ஒளியைக் கழித்தால் மட்டும் போதாது, ஒளிர் புரதம் இல்லாத அதே செல்லின் ஒளியையும் கழிக்க வேண்டும். முந்தைய இரவு வளர்த்ததை நூற்றில் ஒரு பங்காக நீர்த்து, மறுபடி மடக்கை வளர்ச்சிக்கு (சீரான வேகத்தில் இரட்டிக்கும் கட்டத்துக்கு) வந்த பிறகே சுற்றை இயக்கும் தூண்டி வேதிப்பொருளைச் சேர்க்க வேண்டும்.

ஒப்பீட்டுக்குத் திறந்த வளையச் செல்லை, அதாவது பின்னூட்டம் இல்லாத செல்லை, உருவாக்கும்போது கட்டுப்படுத்தி மரபணுவை வெட்டி எறிவது பெரும் பிழை. சுமை குறைந்து அந்தச் செல் வேகமாக வளரும். பின்னூட்டத்தின் பலன் எது, வளர்ச்சி வேறுபாட்டின் பலன் எது என்று பிரிக்க முடியாது. புரதம் உருவாகட்டும், ஆனால் வேலை செய்யாதபடி ஓரிரு அமினோ அமிலங்களை மாற்றினால் சுமை அப்படியே இருக்கும்.

பிறகு திடீர்மாற்றம். சுற்றைச் சுமக்கும் செல் 36 நிமிடத்தில் இரட்டிக்கிறது, சுற்றை இழந்த செல் 30 நிமிடத்தில் இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இழந்தவற்றின் பங்கு 3 மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும். பத்து லட்சத்தில் ஒன்றாகத் தொடங்கினாலும், தொடர் வளர்ப்பில் சுமார் 60 மணி நேரத்தில் சரிபாதி. கட்டுப்படுத்தி மெல்ல மெல்லச் செயலிழந்தது போல வரைபடம் காட்டும். உண்மையில் வேறு செல்கள் இடத்தைப் பிடித்துவிட்டன. ஒவ்வொரு சோதனையையும் மைனஸ் 80 டிகிரி இருப்பிலிருந்து தனிக் காலனியாக எடுத்துத் தொடங்குவதும், முடிவில் சில காலனிகளின் டிஎன்ஏ-வை வரிசைப்படுத்திப் பார்ப்பதும், ஒரே வரிசையைச் சுற்றில் இரண்டு இடத்தில் வைக்காமல் இருப்பதும் இதற்காகத்தான்.

நுழைய எளிய வாசல் ஒன்று உண்டு: கட்டுப்படுத்தியைக் கணினியிலேயே வைத்து, செல்லை ஒளியால் இயக்குவது. ஈஸ்டில் சிவப்பு, தொலைசிவப்பு ஒளியைக் கொண்டு 2011-இல் செய்தார்கள். நாம் படித்த வடிகட்டிகளும் முன்கணிப்புக் கட்டுப்பாடும் அங்கே நேரடியாகப் பயன்படும். செல்லை உடைத்து எடுத்த சாற்றில் சுற்றை ஓட்டிப் பார்ப்பதும் விரைவுதான். மூடிய குழாயில் நீர்த்தல் கிடையாது என்பதை மறந்து, அங்கே ஓடிய தொகையீட்டி செல்லுக்குள்ளும் ஓடும் என்று நம்பிவிடக் கூடாது.

ஆய்வுக்குச் சேர நினைப்பவர்கள் வழிகாட்டியிடம் மூன்று கேள்விகள் கேட்கட்டும். சுற்றை இணைப்பதும் வரிசையைச் சரிபார்ப்பதும் யார் வேலை, மாணவருடையதா மற்றவருடையதா? ஒரு சுற்றை வடிவமைத்துச் செல்லில் பார்க்கச் சராசரி எத்தனை வாரம்? கடைசியாக வெளியிட்ட கட்டுரையில் திறந்த வளையச் செல்லின் வளர்ச்சி வளைகோடு எங்கே இருக்கிறது?

இப்படிக்கு,
கட்டுப்பாட்டுப் பொறியியல் ஆய்வாளர் ஒருவர்