எட்டும் எய்ட்டும் உடன்பிறந்தவை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் சொல்லாராய்ச்சிப் பகுதியை விடாமல் படித்து வருபவள் நான். சென்ற வாரம் அதில், தமிழின் ‘மா’தான் சீனத்தில் குதிரையாகப் போனது, ‘எட்டு’தான் ஆங்கிலத்தில் ‘எய்ட்’ ஆனது என்று எழுதியிருந்தார்கள். ஒலி ஒன்றுபோல் இருக்கிறது என்பதற்குமேல் ஒரு சான்றும் காட்டவில்லை. தமிழ்மேல் உள்ள பற்றில் எழுதியது என்று தெரிகிறது. அந்தப் பற்று எனக்கும் இருப்பதால்தான் சும்மா இருக்க மனம் வரவில்லை.

பிறமொழிக்காரர்களுக்கு இணையவழியில் தமிழ் சொல்லிக்கொடுப்பது என் தொழில். ஓரெழுத்து ஒருமொழி பாடம் வரும்போது ‘மா’ என்று எழுதிவிட்டு, உங்கள் மொழியில் இந்த ஒலிக்கு என்ன பொருள் என்று கேட்பேன். இத்தாலியர் ‘ஆனால்’ என்பார். பிரெஞ்சுக்காரர் ‘என்னுடைய’ என்பார். பெண்பால் பெயருக்கு முன்னால் மட்டும்தான் என்றும் சேர்த்துக்கொள்வார். போலந்துக்காரருக்கு அது ‘அவரிடம் இருக்கிறது’. எஸ்டோனியருக்கு ‘நான்’. எபிரேயம் பேசுகிறவருக்கு ‘என்ன?’. ஹங்கேரியர் ‘இன்று’ என்பார். ஆனால் அவர் வாயில் அந்த ஆகாரம் குறுகி, ‘மொ’வுக்குப் பக்கத்தில் போய்விடும். வியட்நாமியர் ‘பேய்’ என்று சொல்லிச் சிரிப்பார். தாய்லாந்துக்காரர் மட்டும் உடனே பதில் சொல்லமாட்டார்; எந்தத் தொனியில் என்று என்னையே திருப்பிக் கேட்பார். சமமாகச் சொன்னால் ‘வா’, கீழிருந்து ஏற்றிச் சொன்னால் ‘நாய்’, மேலே நிறுத்திச் சொன்னால் ‘குதிரை’. சீனத்திலும் தொனி மாற மாறத் தாய், சணல், குதிரை, திட்டுதல் என்று பொருள் மாறிக்கொண்டே போகும்.

நம் பக்கம் மட்டும் குறைச்சலா? மாமரம், அரைத்த மாவு, விலங்கு, பெரிய என்ற அடை, கருமை, இருபதில் ஒரு பங்கு, ஒரு நில அளவு, இத்தனைக்கும் அதே ‘மா’. ‘மாவும் மாக்களும் ஐயறி வினவே’ என்று தொல்காப்பியர் சொல்லும் ‘மா’ விலங்கு. சமஸ்கிருதத்திலோ ‘மா’ என்றால் ‘செய்யாதே’.

இந்தக் கூட்டத்தில் யாருக்கும் யாரும் உறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ‘என்ன’ என்ற பொருளில் வரும் எபிரேய ‘மா’வும் அரபு ‘மா’வும் ஒரு குடும்பத்துச் சொற்கள். சமஸ்கிருத ‘மா’வுக்கும், அதே விலக்குப் பொருளில் வரும் பழைய கிரேக்கத்து ‘மே’வுக்கும் உறவு உண்டு. வியட்நாமியத்தில் குதிரையைக் குறிக்கிற இன்னொரு ‘மா’ சீனத்திலிருந்து கடன் வாங்கியது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சான்று இருக்கிறது. ஒலி ஒப்புமை ஒருவரைச் சந்தேகப்பட வைக்கலாம். அதற்கப்புறம் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

சீனக் குதிரையையே எடுத்துக்கொள்வோம். இன்றைய ‘மா’ என்ற உச்சரிப்பை வைத்துக்கொண்டு பழமைக்குப் போக முடியாது. பழஞ்சீனத்தில் இந்தச் சொல்லில் மகரத்தை அடுத்து ஒரு ரகரம் இருந்தது என்று ஆய்வாளர்கள் மீட்டுருவாக்கியிருக்கிறார்கள். சீனத்துக்கு உறவான பர்மிய மொழியில் குதிரைக்கான சொல்லை எழுதும்போது அந்த ரகரக் குறி இன்றைக்கும் வருகிறது. நம் ‘மா’வில் ரகரம் கிடையாது. அதுவும் குதிரைக்கு மட்டும் உரிய சொல்லாகத் தொடங்கவில்லை. யானையும் மா, சிங்கமும் மா, குதிரையும் மா. இன்று ஒரே உருவத்தில் நிற்கிற இரண்டும் பின்னால் போகப் போக விலகிப் போகின்றன.

‘எட்டு’ விஷயம் இன்னும் தெளிவு. இதற்குச் சீனமோ பர்மியமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை, தமிழ் தெரிந்தால் போதும். எட்டுப் பத்து என்னவாகிறது? எண்பது. எட்டு நூறு எண்ணூறு. எட்டுத் திசை எண்திசை. ஆக, இந்தச் சொல்லின் அடி ‘எண்’. கன்னடத்தில் ‘எண்டு’ என்றும், தெலுங்கில் ‘எனிமிதி’ என்றும் அந்த மூக்கொலி அப்படியே நிற்கிறது. தமிழில்தான் அது டகரத்தோடு சேர்ந்து கரைந்து ‘எட்டு’ ஆகியிருக்கிறது. இனி ஆங்கிலத்துக்கு வாருங்கள். ‘எய்ட்’ என்று எழுதும்போது நடுவே உச்சரிக்காத இரண்டு எழுத்துகள் வருகின்றனவே, பிள்ளைகள் எழுத்துக்கூட்டத் திணறுகிற இடம், அது ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து எழுந்த ஒலி. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஏறக்குறைய ‘எயஹ்ட’. ஜெர்மனில் ‘ஆஹ்ட்’, இலத்தீனில் ‘ஒக்தோ’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. ஒன்றில் உள்ளே ஒளிந்திருப்பது ணகரம்; மற்றதில் ககரம். ‘ஒன்று’ – ‘ஒன்’ ஒப்புமையிலும் இன்றைய ஒலியை மட்டும் நம்ப முடியாது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு முன்னால் கேட்கும் வகரச் சாயல் பிற்காலத்து வரவு. ‘அலோன்’, ‘ஒன்லி’ என்ற சொற்களுக்குள்ளும் அதே ‘ஒன்’தான் இருக்கிறது, அவற்றில் அந்த வகரம் இல்லை.

இப்படி மோதிக்கொள்வது ஏன்? வாயால் எழுப்பக்கூடிய ஒலிகள் கொஞ்சம், சொல்ல வேண்டிய பொருள்கள் கணக்கில்லாதவை. சொல் சிறியதாக ஆக ஆக மோதல் கூடும். நன்னூலார் ஓரெழுத்து ஒருமொழிகளை 42 என்று கணக்கிட்டார். மகர வரிசையில் மட்டும் ஆறு. மற்ற மொழிகளிலும் இதுபோன்ற ஓரசைச் சொற்கள் உண்டு என்னும்போது, ‘மா’வும் ‘தா’வும் ‘நா’வும் எங்கோ ஓரிடத்தில் ஒத்துப்போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்று தொல்காப்பிய உரியியலில் ஒரு நூற்பா உண்டு. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் வந்த காரணம் வெளிப்படையாகத் தெரியாது என்பதை நம் இலக்கணம் அவ்வளவு முன்பே சொல்லி வைத்திருக்கும்போது, காதில் விழுந்த ஒலியை மட்டும் நம்பி நாம் தீர்ப்பு எழுதலாமா?

ஒலியும் பொருளும் இரண்டுமே ஒத்துப்போனால்? அப்போதும் போதாது. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளில் ஒன்றான ம்பபரத்தை 1960களில் பதிவுசெய்தபோது, நாயைக் குறிக்கும் சொல் ‘டாக்’ என்று மொழியியலாளர் டிக்சனுக்குச் சொல்லப்பட்டது. ஆங்கிலத்திலிருந்து வாங்கிக்கொண்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அது ‘குடக’ என்பதுபோன்ற பழைய வடிவத்தின் முதலசை உதிர்ந்து மிஞ்சியது. அக்கம்பக்கத்து மொழிகளில் அந்த முதலசை அப்படியே இருக்கிறது. உலகத்துக் குழந்தைகள் எல்லாம் ‘மாமா’ என்றுதான் தாயை அழைக்கும் என்று நினைப்பவர்கள் ஜார்ஜியரிடம் கேட்டுப் பார்க்கட்டும். அவர்களுக்கு ‘மாமா’ அப்பா, ‘தேதா’ அம்மா. நமக்கோ மாமா வேறு உறவு. உதட்டை மூடித் திறந்தால் வந்துவிடுகிற இந்த ஒலிகளைக் குழந்தை முதலில் எழுப்புகிறது, பெரியவர்கள் அதற்கு ஓர் உறவைப் பொருத்திக்கொள்கிறார்கள் என்று 1960இலேயே மொழியியலாளர் ரோமன் யாக்கோப்சன் விளக்கிவிட்டார்.

உறவுள்ள சொற்கள் பல நேரம் ஒன்றுபோல் இருப்பதே இல்லை. இது என் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த இடம், எனக்கும்தான். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல், ஹல்லு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. பூ, ஹூ. நாம் பகரம் வைக்கும் இடத்தில் அவர்கள் ஹகரம் வைக்கிறார்கள், அதுவும் வரிசை மாறாமல். பழைய கன்னடத்தில் அங்கெல்லாம் பகரமே இருந்தது என்பதற்குக் கல்வெட்டும் இலக்கியமும் சாட்சி. எல்லிஸ் 1816இலும், கால்டுவெல் 1856இலும் தென்னிந்திய மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்று நிறுவியபோது, அடிச்சொற்களையும் இலக்கண அமைப்பையும் சேர்த்துவைத்து ஒப்பிட்டுத்தான் சொன்னார்கள். தமிழின் தனித்தன்மைக்கு இன்று நாம் காட்டுகிற வலுவான ஆதாரமே அந்த முறையில் கிடைத்ததுதான். அதே முறையை நாமே தூக்கி எறிந்தால், நாளைக்கு வேறொருவர் ‘தமிழ்ச் சொல் எல்லாம் எங்களிடமிருந்து போனது’ என்று ஒலி ஒப்புமையைக் காட்டி எழுதும்போது என்ன பதில் சொல்வோம்?

தமிழிலிருந்து வெளியே போன சொற்களைப் பற்றி எழுதத்தான் வேண்டும், நிறையவே இருக்கின்றன. கட்டுமரம், சுருட்டு இரண்டும் ஆங்கிலத்துக்குப் போனவை. மாங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் மாங்காய், மலையாளத்தில் மாங்ங. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு, போர்ச்சுக்கீசியர் வாயில் அது ‘மங்கா’ ஆனது. அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய் ‘மேங்கோ’ ஆனது. எந்தக் காலம், யார் கொண்டுபோனார்கள், எந்தப் பொருளோடு சொல் பயணம் செய்தது எல்லாம் தெரியும். ஆனால் அதே போர்ச்சுக்கீசியத்தில் சட்டைக் கைக்கும் ‘மங்கா’ என்றுதான் பெயர். அது இலத்தீனில் கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, நம் மாங்காய்க்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஜப்பானியர் படக்கதையை ‘மங்கா’ என்கிறார்கள். அது ‘மன்’, ‘கா’ என்ற இரண்டு சீன எழுத்துகளின் சேர்க்கை. பின்னது படத்தைக் குறிக்கும். நம் மொழியிலோ ‘மங்காப் புகழ்’ என்கிறோமே, அந்த மங்கா மங்குதலின் எதிர்மறை. ஒரே உருவத்தில் ஒன்று நம் வீட்டிலிருந்து போனது, மற்றவை வேறு வேறு வீடுகளில் பிறந்தவை. இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் அந்தப் பகுதியில் எழுதினால், படிப்பவர்களுக்கு எவ்வளவு விருந்து!

எனவே ஒரு வேண்டுகோள். அந்தப் பகுதியை நிறுத்தச் சொல்லவில்லை, தொடரத்தான் சொல்கிறேன். ஒரு சொல் இன்னொரு மொழிக்குப் போனது என்று அச்சிடும் முன், அந்த மொழியில் அதன் பழைய வடிவம் என்ன, உறவு மொழிகளில் அது எப்படி இருக்கிறது, எந்தக் காலத்தில் எந்த வழியாகப் போனது என்று எழுதுபவரிடம் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், ‘ஒலி மட்டும் ஒத்த சொற்கள்’ என்ற தலைப்பில் அதை வெளியிடலாம். அப்படி வெளியிட்டாலும் அதன் சுவை ஒன்றும் குறையாது. பள்ளிப் பிள்ளைகள் இந்த இணைப்பை வெட்டி ஏட்டில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காக ‘எட்டு’ பற்றிய பத்திக்கு மட்டுமாவது அடுத்த வாரம் ஒரு திருத்தம் போடுங்கள். எட்டு, எண்பது, எண்ணூறு என்று மூன்று சொற்களை வரிசையாக அச்சிட்டுவிட்டு, கன்னட ‘எண்டு’வைப் பக்கத்தில் வைத்தால் போதும், மீதியை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
தமிழாசிரியை ஒருவர்