கீழ் வீட்டுப் பொடியனும் நீயும்

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிறு நீ போனில் சொன்னது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கீழ் வீட்டுப் பொடியனைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியதுமே, "நாங்கள் எல்லாம் குண்டுக்கும் செக் பொயின்ட்டுக்கும் நடுவில் வளர்ந்தோம் அம்மா, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன குறை?" என்றாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். பதில் இருந்தது. போனில் சொல்ல வாய் வரவில்லை.

அவனுக்கு 16 வயது. பெயர் எழுதவில்லை, அவனுக்கு அது பிடிக்காது. அவன் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்த வருடம் 2019. ஏப்ரல் 21ஆம் திகதி கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது அவர்கள் பக்கத்திலேயே, கொட்டாஞ்சேனையில் இருந்தார்கள். அடுத்த மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். ஆறாம், ஏழாம் வகுப்புகளில் பெரும் பகுதியை அவன் படித்தது தாயின் போனில். அப்புறம் 2022. நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாத நாட்களும், கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சை தள்ளிப்போனதும் உனக்கு நான் சொன்னவைதான். அந்த வருடம் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்கென்று நாட்டை விட்டுப் போனதாகப் பேப்பரில் வாசித்தேன். அவனுடைய தகப்பனும் அப்படித்தான் கட்டாருக்குப் போனார். தாய் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறா. வீட்டுக்கு வர இரவு எட்டு மணியாகும்.

இத்தனைக்கும் அவனிடம் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை ஏ எடுப்பாய்?" லிப்டில் கேட்பார்கள், கோயிலில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போதும் கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டால் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். ஒரு வகுப்பில் ஆசிரியர் எல்லாருக்கும் முன்னால் அவனுடைய புள்ளிகளை வாசித்திருக்கிறார். அன்றிரவே கூடப் படிப்பவர்கள் அவனுடைய படத்தை ஸ்டிக்கராக்கி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சிரித்திருக்கிறார்கள். உங்கள் காலத்தில் வகுப்பில் யாராவது கேலி செய்தால் வீட்டுக் கதவைச் சாத்தியதும் அது வெளியே நின்றுவிடும். இவனுக்கு அது தலையணைக்குக் கீழே கிடந்து இரவெல்லாம் மின்னிக்கொண்டிருந்தது.

நான் காலையில் கடலோர மரீன் டிரைவில் நடக்கப் போவது உனக்குத் தெரியும்தானே. ஒரு நாள் பள்ளிக்கூட நேரத்தில் அவன் புத்தகப் பையோடு கல்லில் தனியாக இருந்தான். அடுத்த நாளும் அப்படியே. நான் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு சரை கடலை வாங்கி, ஒன்றை அவனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நானும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் அவனாகவே கதைத்தான். நிறையக் கதைத்தான். கடைசியில், "நான் இல்லாவிட்டால் அம்மாவுக்கு ரியூசன் காசாவது மிச்சம் அன்ரி" என்றான்.

எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது, பிள்ளை. அவனை வீட்டுக்குக் கூட்டிவந்து பாணும் பருப்பும் கொடுத்துவிட்டு, குசினிக்குள் நின்று 1926க்கு அடித்தேன். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். ஒரு பெண் பிள்ளை தமிழிலேயே கதைத்தா. "சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள் அம்மா. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால்தான் அவர் சொல்வார். இன்றைக்குத் தனியாக விடவேண்டாம்" என்றா. இத்தனை வயதுக்கு நான் அதை நேர்மாறாக நினைத்திருந்தேன். கேட்டேன். "சில நேரம்" என்றான். சொன்னதும் அழுதான். அவன் அழுது முடியும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.

தாய்க்குச் சொல்வதுதான் பெரும் பாடாக இருந்தது. அந்த நிறுவகம் அங்கொடையில் இருக்கிறது என்று தெரிந்ததும், "என் பிள்ளையை அங்கொடைக்கு அனுப்பப் பார்க்கிறீர்களா?" என்று கத்திவிட்டா. அவவில் பிழை இல்லை. இந்த ஊரில் ஒருவரைப் பைத்தியம் என்று ஏச வேண்டுமென்றால் அங்கொடையைத்தானே சொல்லி வளர்ந்தோம். காய்ச்சலுக்குப் போகிற மாதிரி அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகலாம், காசும் இல்லை, நானும் கூட வருகிறேன் என்று இரண்டு இரவு சொன்னபிறகுதான் சம்மதித்தா. முதல் மூன்று தடவையும் நானும் போனேன். தாய்க்கு லீவு கிடைக்காத நாட்களில் நானும் அவனும் மட்டும் பஸ்ஸில் போனோம்.

டாக்டர் தன் வேலையைச் செய்கிறார். ஆனால் கிளினிக் முடிந்து அவன் திரும்பி வருவது இதே தொடர்மாடிக்குத்தான். இங்கே ஒரு பொடியன் சும்மா இருக்க ஓர் இடம் உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். மொட்டை மாடிக்குப் பூட்டு. படிக்கட்டில் இருந்தால் துரத்துகிறார்கள். காலி வீதியில் ஓரிடத்தில் குந்த வேண்டுமென்றால் காசு கொடுத்து எதையாவது வாங்க வேண்டும். கீழே உள்ள ஹோல் செத்த வீட்டுக்கும் பராமரிப்புக் காசுக் கூட்டத்துக்கும் மட்டும்தான் திறக்கும். பிள்ளைகள் அறைக்குள் போனோடு கிடக்கிறார்கள் என்று குறை சொல்கிறோம், வேறு எங்கே போவார்கள்?

நிர்வாகக் குழுவோடு ஒரு மாதம் சண்டை பிடித்தேன். இப்போது சனிக்கிழமை பின்னேரங்களில் ஹோல் திறந்திருக்கிறது. ஒரு கரம் போர்ட், பழைய மேசை, பிளேன்ரீ, அவ்வளவுதான். உள்ளே யாரும் புள்ளி கேட்கக்கூடாது என்பது மட்டும் சட்டம். வாசலில் நிற்கிற சிங்களக் காவலாளி மாமாதான் அவனுக்கு நல்ல சிநேகிதம். ஞாயிறு காலையில் இருவரும் தூண்டிலோடு கடற்கரைக்குப் போகிறார்கள். அவனுக்குத் தெரிந்த சிங்களமும் அவருக்குத் தெரிந்த தமிழும் மீன் பிடிக்கப் போதுமாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். ஐந்தாம் மாடிப் பெற்றோர், பரீட்சை நேரத்தில் கரமா என்று தங்கள் மகனை நிறுத்திவிட்டார்கள். பெண் பிள்ளைகள் இரண்டு பேர்தான் வருகிறார்கள். மற்றத் தாய்மாருக்கு விருப்பமில்லை, நானும் இன்னும் வீடு வீடாகப் போய்க் கேட்கிறேன். அவனுக்கும் கெட்ட நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட நாளில் என் வீட்டு மணியை அடிக்கிறான். எனக்கு இப்போதைக்கு அது பெரிய விஷயம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை லொட்ஜுகளில் இருந்த எங்கள் தமிழ்ச் சனத்தைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். உனக்கும் அப்போது 16 வயது. டிசம்பரில் ஓ.எல். பரீட்சை. நீ அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்தக் கிழமை முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. இரவில் லைட்டை அணைத்துவிட்டு பல்கனியில் நின்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போய்ப் படி." அந்த நாட்களில் நீ உயிரோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தால் என் கணக்கு முடிந்துவிடும். வீட்டுக்கு வந்த பிள்ளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அதைவிட ஒன்று இருக்கிறது. நீ பின்னேரங்களில் முதலாம் மாடி அன்ரி வீட்டுக்குப் போவாய். அவ புட்டு அவிப்பா, நீ குசினி வாசலில் இருந்து கதைத்துக்கொண்டிருப்பாய். திரும்பி வரும்போது உன் முகம் வேறு மாதிரி இருக்கும். நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் நிறுத்தினேன். "அங்கே போய் என்ன கதை? பரீட்சை முடியட்டும்" என்றேன். பரீட்சை முடிந்தபோது அவர்கள் வீடு மாறிவிட்டார்கள். நீ பிறகு ஒரு நாளும் அவவைப் பற்றிக் கேட்கவில்லை.

கல்லில் அவன் பக்கத்தில் இருந்தபோதுதான் இது எனக்கு ஞாபகம் வந்தது. உனக்குக் கிடைத்த ஓர் ஆளை நானே உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன். நீ கஷ்டமில்லாமல் வளரவில்லை, மகளே. கஷ்டத்தை யாரிடமும் சொல்லாமல் வளர்ந்தாய். என்னை மன்னித்துக்கொள்.

அந்த அன்ரி இப்போது தெஹிவளையில் மகன் வீட்டில் இருக்கிறா. போன கிழமை தேடிப் போய்ப் பார்த்தேன். உன் குரலைக் கேட்க ஆசை என்றா. நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். பகலில் நித்திரை கொள்வா, எங்கள் நேரத்துக்குப் பின்னேரம் ஐந்துக்குப் பிறகு எடு. என்ன கதைத்தாய் என்று நான் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
அம்மா
வெள்ளவத்தை