வான்கோழியை இரவு முழுக்க வெளியே வைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் மகளிர் பக்கத்தில் வந்த நத்தார் வான்கோழிக் குறிப்பைப் படித்தேன். படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு கோப்பை உப்பைத் தண்ணீரில் கரைத்து, தோடம்பழமும் மூலிகைகளும் போட்டு, வான்கோழியை அதில் அமிழ்த்தி இரவு முழுவதும் "குளிர்ந்த இடத்தில்" வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். கொட்டாஞ்சேனையில் குளிர்ந்த இடம் எது ஐயா? டிசெம்பர் மாதத்தில்கூட எங்கள் குசினியில் விடியற்காலை 23 பாகை செல்சியஸுக்கு மேல்தான் இருக்கும். கனடாவில் இருக்கும் என் மச்சாள் வாளியை அப்படியே கராஜில் வைத்துவிட்டுப் படுக்கப் போவாள், அவளுக்கு வீட்டுக்கு வெளியே ஊர் முழுக்கப் பிரிட்ஜ்தான். அவளுடைய நாட்டுக் குறிப்பை எங்கள் ஊருக்கு மொழிபெயர்க்கும்போது எழுத்தை மட்டும் மாற்றினால் போதாது.

இந்தப் பறவைக்கு விலாசம் பிழைப்பது புதிதில்லை என்பதும் உண்மைதான். பிறந்தது அமெரிக்காவில். ஆங்கிலேயர் அதைத் துருக்கி என்கிறார்கள், துருக்கியரோ ஹிந்தி என்கிறார்கள், ஒல்லாந்தர் கள்ளிக்கோட்டைக் கோழி என்ற பொருளில் கல்கூன் என்று பெயர் வைத்தார்கள், அது இங்கே வந்து சிங்களத்தில் களுகும் ஆகிவிட்டது. பெயர் பிழைத்தால் யாருக்கும் வயிற்றால் போகாது, குறிப்பு பிழைத்தால் போகும்.

"உப்பில் கிடந்தால் கெடாதுதானே" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி, நாங்கள் கருவாடும் ஜாடி மீனும் தின்று வளர்ந்தவர்கள். ஆனால் கருவாட்டுக்கு உப்பை அள்ளிப் போட்டு வெயிலில் ஈரம் போகக் காய வைக்கிறோம், ஜாடிக்கு உப்போடு கொறுக்காயும் போட்டு அடைக்கிறோம். வான்கோழிக்குப் போடுவது ஒரு லீற்றர் தண்ணீருக்கு 60 கிராம் உப்பு, அவ்வளவுதான். இறைச்சிக்குள்ளே போய்ச் சேர்வது அதிலும் கொஞ்சம். இந்த உப்பு ருசிக்கும் ஈரத்துக்கும், கெடாமல் காப்பதற்கு இல்லை. கிருமி பெருகாமல் தடுப்பது குளிர் மட்டும்தான், 4 பாகைக்கு மேல் போகக் கூடாது.

பிறகு அந்த "இரண்டு கோப்பை". இதில் நானே அடிபட்டவள் என்பதால் சொல்கிறேன். அமெரிக்கக் குறிப்புகளில் கோப்பைக் கணக்கில் சொல்லும் உப்பு பெரும்பாலும் கோஷர் என்ற பரல் உப்பு, அதிலும் சில வகை செதில் செதிலாக, பஞ்சுபோல இருக்கும், ஒரு கோப்பை நிரப்பினாலும் 140 கிராம் அளவுதான் வரும். எங்கள் கடையில் வாங்கும் தூள் உப்பு அதே கோப்பையில் ஏறக்குறைய 290 கிராம். எனக்கு இது தெரியாத காலத்தில், மச்சாள் அனுப்பிய குறிப்பைப் பார்த்துக் கோப்பை கோப்பையாகத் தூள் உப்பைக் கொட்டினேன். நத்தார் மதியம் மாமா முதல் வாயை வைத்துவிட்டு, ஒரு நிமிடம் பேசாமல் இருந்து, "பிள்ளை, இது கருவாடோ?" என்றார். இருபது பேர் இருந்த மேசை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உப்பைத் தராசில் போட்டுத்தான் அளப்பது. பத்திரிகைக் குறிப்பிலும் கிராமில் போடுங்கள்.

உப்புத் தண்ணீரில் ஊற வைப்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. வான்கோழி நெஞ்சு இறைச்சியில் கொழுப்பு இல்லை, சும்மா சுட்டால் வைக்கோல் மாதிரி வரும். உப்பு இறைச்சியில் உள்ள மயோசின் என்ற புரதத்தைக் கொஞ்சம் கரைத்து இளக்கிவிடுகிறது, அதனால் சூட்டில் சதை இறுகிப் பிழியும்போது வழமையைவிடக் குறைவான தண்ணீர்தான் வெளியே போகும். ஒரு தடவை செய்து பார்த்தவர்கள் திரும்பப் பழைய முறைக்குப் போக மாட்டார்கள். ஆனால் பெட்டியில் உள்ள லேபிளை முதலில் வாசியுங்கள். உறைய வைத்து வரும் வான்கோழிகள் சிலவற்றுக்கு ஏற்கெனவே உப்புக் கரைசல் ஏற்றியிருப்பார்கள், அதைத் திரும்ப உப்பில் போட்டால் மாமாவின் கேள்வி உங்களுக்கும் வரும்.

நான் செய்வது இப்படி. 5 கிலோ பறவை பிரிட்ஜில் வைத்து உறைபனி விட இரண்டரை நாள் எடுக்கும், ஆகவே 21ஆம் திகதி காலையிலேயே பிரீசரிலிருந்து கீழே இறக்கிவிடுவேன். 23 பின்னேரம் ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதில் 360 கிராம் உப்பு, ஒரு கைப்பிடி சீனி, மிளகு, கறுவா, நாலு கராம்பு, தட்டிய உள்ளி, ரம்பை. அடுப்பை அணைத்த பிறகு இரண்டு தோடம்பழத்தின் தோல், நாலு தேசிக்காயின் தோல். மேல் தோல் மட்டும், வெள்ளைப் பகுதி போனால் கசக்கும். தேசிப் புளியை ஊற்றுவதில்லை, புளிப்பில் இரவு முழுக்கக் கிடந்தால் இறைச்சியின் மேற்பக்கம் மாவுபோலாகிவிடும், வாசனை எல்லாம் தோலின் எண்ணெயில்தான் இருக்கிறது. மூலிகைக்கு ரோஸ்மேரியும் தைமும் தேடி சுப்பர் மார்க்கெட் சுப்பர் மார்க்கெட்டாக அலைய வேண்டாம். முற்றத்துத் தொட்டியில் இருக்கும் கற்பூரவள்ளியில் தைமில் உள்ள அதே வாசனைப் பொருள்கள்தான் இருக்கின்றன. பத்து இலை போதும், கூடினால் இருமல் மருந்து.

இது ஆறியதும் மிச்சம் ஐந்து லீற்றரைப் பிரிட்ஜ் தண்ணீராக ஊற்றி, முழுதும் நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் பறவையை இறக்குவது. அலுமினியச் சட்டி வேண்டாம், எவர்சில்வரோ உணவுக்கான பிளாஸ்டிக் வாளியோ எடுங்கள். பிரிட்ஜில் இடம் இல்லாவிட்டால் மீன் கொண்டுபோகும் ரெஜிபோம் பெட்டியைச் சுத்தமாகக் கழுவி, வாளியைச் சுற்றி ஐஸ் அடைத்து, உருக உருக மாற்ற வேண்டும், அலாரம் வைத்து இரவில் எழும்ப மனமில்லை என்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள். 2022இல் மின்வெட்டோடு குடும்பம் நடத்தியவர்களுக்கு ஐஸின் அருமை தெரியும்.

24ஆம் திகதி மதியம் வெளியே எடுத்து, ஒற்றித் துடைத்து, மூடாமல் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுச் சாமப்பூசைக்குப் போகலாம். தோல் காய்ந்தால்தான் மொறுமொறுப்பாக வரும். குழாயின் கீழே பிடித்துக் கழுவ வேண்டாம். கோழியைத் தேசிக்காயும் மஞ்சளும் போட்டுக் கழுவாவிட்டால் எங்கள் ஆட்களுக்கு மனம் கேட்காது, எனக்கே பல வருடம் எடுத்தது, ஆனால் கழுவும்போது தெறிக்கும் தண்ணீர்தான் பக்கத்தில் இருக்கும் சலாட் கோப்பை வரைக்கும் கிருமியைக் கொண்டுபோகிறது.

காலையில் உப்பில்லாத பட்டரில் உள்ளி, தோடம்பழத் தோல் துருவல் கலந்து தோலுக்கு அடியில் தடவி, வயிற்றுக்குள் இரண்டு துண்டு தோடம்பழமும் ஒரு வெங்காயமும் மட்டும் வைத்து, 165 பாகையில் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். நேரத்தை நம்பாமல் வெப்பமானியை நம்புங்கள், தொடையின் தடித்த இடத்தில் எலும்பில் படாமல் குத்தினால் 74 காட்ட வேண்டும், நெஞ்சிலும் அப்படியே. பிறகு அரை மணித்தியாலம் சும்மா விடுங்கள். தட்டில் வடிந்த சாறில் ஏற்கெனவே உப்பு இருக்கும், கிரேவி செய்யும்போது ருசி பார்க்காமல் ஒரு சிட்டிகை உப்பும் போடாதீர்கள்.

உங்கள் குறிப்பில் ஓவன் அளவைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. மேசை ஓவனுக்குள் முழு வான்கோழி போகாது. முதுகெலும்பை வெட்டி எடுத்துத் துண்டுகளாக்கி, காலை ஒரு தட்டிலும் நெஞ்சை இன்னொரு தட்டிலும் சுட்டால் ருசி குறையாது, சொல்லப்போனால் நெஞ்சு காயாமல் தப்பும். படத்துக்குத்தான் அழகில்லை.

நத்தாருக்கு முன் வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் போட்டால் நல்லது. குறிப்பை வெட்டிக் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கும் வீடுகள் எனக்கே இரண்டு தெரியும்.

வாசகி ஒருத்தி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

பி.கு: வான்கோழி விலைக்குப் பயந்தவர்கள் ஒன்றரைக் கிலோ கோழியில் செய்யலாம். லீற்றருக்கு அதே 60 கிராம், நாலு மணித்தியாலம் ஊறினால் போதும், பிரிட்ஜுக்குள்தான்.