தேன்மொழியின் வாசல் பற்றி சண்முகத்துக்கு

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. கமலாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் எங்களுக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மீனாட்சிக்கு முட்டிவலி விட்டபாடில்லை. ஆனாலும் கடைத்தெருவுக்கு நடந்துதான் போவேன் என்கிறாள். பேரன் கணக்கில் கெட்டிக்காரனாக வருகிறான், உன்னைப் போல.

உன் மகள் தேன்மொழி கவுன்சிலர் ஆனதிலிருந்து காலை ஆறு மணிக்கே தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்று வாசலில் ஆள் நிற்பதாக எழுதியிருந்தாய். ஒருவன் குடித்துவிட்டு வந்து கேட்டை உதைத்துக் கத்தினான் என்று படித்தபோது எனக்கும் பதறியது. இனி கேட்டைப் பூட்டிவிடலாம், மனுவை அலுவலகத்தில் கொடுக்கட்டும் என்று நீ சொல்ல, அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்கள் ஊர் எம்.பி.க்கள் போலீஸ் இல்லாமல் நடமாடுகிறார்களாமே, எப்படி?" என்று கேட்டிருக்கிறாய். இது எங்கள் தொகுதியிலேயே ரத்தம் சிந்திய விஷயம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே ஒவ்வொரு எம்.பி.யும் தொகுதி மக்களை நேரில் சந்தித்துக் குறை கேட்க நாள் ஒதுக்குவார். அதற்கு சர்ஜரி என்று பெயர். திங்கள் முதல் வியாழன் வரை பெரும்பாலும் நாடாளுமன்ற வேலை, வெள்ளிக்கிழமை தொகுதிக்குத் திரும்பிவிடுவார்கள். நூலகம், தேவாலயக் கூடம், சமூக நிலையம் என்று ஏதாவது ஓர் இடத்தில் ஒரு மேசை, நாலு நாற்காலி போட்டு உட்கார்வார்கள். ஆங்கிலம் சரியாக வராத நம் ஆட்களுக்குத் துணையாக நானும் போயிருக்கிறேன். விசா முடிவு வராமல் வருடக்கணக்கில் காத்திருப்பவர், சுவரெல்லாம் பூஞ்சை பிடித்த வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் பெண், உதவித்தொகை நின்றுபோன பெரியவர், இவர்கள்தான் வருவார்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள். எந்த அலுவலகத்துக்குப் போன் செய்தாலும் பதிவு செய்த குரலை மட்டும் கேட்டு அலுத்தவர்கள். அவர்கள் சொல்வதை ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து கேட்டுக் குறித்துக்கொள்ளும் இடம் அது ஒன்றுதான்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான், 2010 மே 14. பெக்டன் குளோப் என்ற நூலகக் கட்டடத்தில் எங்கள் எம்.பி. ஸ்டீபன் டிம்ஸ் சர்ஜரி நடத்தினார். தேர்தலில் பெரும் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து எட்டே நாள் ஆகியிருந்தது. 21 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். உதவியாளரைப் பார்த்தால் போதாது, எம்.பி.யைத்தான் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே நேரம் வாங்கியிருந்தாள். கைகுலுக்க வருகிறவளைப் போலக் கையை நீட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி அவர் பக்கம் போய், வயிற்றில் இரண்டு முறை குத்தினாள். 2003 ஈராக் போருக்கு அவர் ஆதரவாக வாக்களித்தார் என்பதே காரணம். உதவியாளர் பாய்ந்து கத்தியைப் பறித்ததால் பிழைத்தார். அதற்குப் பிறகும் தொகுதி மக்களைச் சந்திப்பதை அவர் நிறுத்தவில்லை. இந்த ஊரில் அவர் மேல் மரியாதை கூடியதற்கு அது ஒரு பெரிய காரணம்.

ஆனால் எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதற்குப் பத்து வருடம் முன்பு, 2000 ஜனவரி 28-இல், செல்டனம் நகரில் நைஜல் ஜோன்ஸ் என்ற எம்.பி.யின் அலுவலகத்துக்கு ஒருவர் நீண்ட வாளோடு வந்தார். எம்.பி.க்குப் பழக்கமான தொகுதிக்காரர்தான், முன்பு அங்கேயே உதவி பெற்றவர். குறுக்கே பாய்ந்த ஆண்ட்ரூ பென்னிங்டன் செத்துப்போனார். அவர் எம்.பி.யின் உதவியாளர். உன் மகளைப் போல ஒரு கவுன்சிலர். இறந்த பிறகு வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். 2016 ஜூன் 16-இல், ஐரோப்பிய ஒன்றியப் பொதுவாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, பர்ஸ்டல் என்ற சிற்றூரில் மக்களைச் சந்திக்க நூலகத்துக்கு வந்த ஜோ காக்ஸ் என்ற பெண் எம்.பி.யை வாசலிலேயே ஒருவன் சுட்டும் குத்தியும் கொன்றான். 41 வயது, இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய். தடுக்க ஓடிய 77 வயதுப் பெரியவருக்கும் கத்திக்குத்து.

பிறகு டேவிட் அமெஸ். 2021 அக்டோபர் 15, அதுவும் வெள்ளிக்கிழமை. லீ-ஆன்-ஸீ என்ற கடற்கரை ஊரில் மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் சர்ஜரி. கொலைகாரன் தொகுதிக்குக் குடிவரப் போவதாகப் பொய் சொல்லி மின்னஞ்சலில் நேரம் வாங்கியிருந்தான். எதிரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் கத்தியை எடுத்தான். அமெஸ் 1983 முதல் எம்.பி. ஜோ காக்ஸ் மாதிரிச் சம்பவங்களால் மக்கள் தங்கள் பிரதிநிதியைத் தடையில்லாமல் சந்திக்கும் பழைய வழக்கம் கெட்டுப்போகிறதே என்று அவர் முந்தின வருடம்தான் எழுதியிருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

சண்முகம், ஒன்றைக் கவனித்தாயா? பெக்டனில் வந்தவளும் லீயில் வந்தவனும் முறைப்படி நேரம் வாங்கியவர்கள். பெயர் பட்டியலில் இருந்தது. முன்பதிவு மட்டும் காப்பாற்றிவிடாது. உன் வீட்டு வாசலில் கத்திய குடிகாரன் பயமுறுத்துவான், ஆனால் வருவது எல்லோருக்கும் தெரிந்துவிடும். திட்டம் போட்டு வருகிறவன் சிரித்துக்கொண்டு வருவான். ஸ்ரீபெரும்புதூரை நாம் மறக்க முடியுமா? 1991 மே 21 இரவு மாலையோடு வந்தவள் காலைத் தொடக் குனிந்தாள். ராஜீவ் காந்தியோடு பாதுகாப்புக்கு நின்ற காவலர்களும் கட்சிக்காரர்களும் சேர்ந்துதான் செத்தார்கள். பக்கத்தில் நிற்பவர்களைப் பற்றி நாம் பேசுவதே குறைவு.

அப்படியானால் கதவை மூடுவதா? அமெஸ் கொலைக்குப் பிறகு இங்கே அதைத்தான் வாதாடினார்கள். காணொளியில் மட்டும் சந்திக்கலாம், வாசலில் சோதனைக் கருவி வைக்கலாம், ஒவ்வொரு சர்ஜரிக்கும் போலீஸ் போடலாம் என்று பல யோசனைகள். எனக்கு இவற்றில் பெரிய தயக்கம் உண்டு. விசா கேஸ் நடக்கும் ஒருவர் வாசலில் போலீஸைக் கண்டால் திரும்பிப் போய்விடுவார். காணொளிக்கு நல்ல போனும் தைரியமாகப் பேசும் ஆங்கிலமும் வேண்டும். யாருக்காக அந்த மேசை போட்டிருக்கிறதோ அவர்கள்தான் முதலில் காணாமல் போவார்கள். நம் கலெக்டர் அலுவலகங்களையே எடுத்துக்கொள். 2017-இல் திருநெல்வேலியில் கந்துவட்டிக் கொடுமையால் இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பமே தீக்குளித்தது. அதற்குப் பிறகு திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிறவர்களின் பையைத் திறந்து மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று போலீஸ் பார்க்கிறது. பார்க்கட்டும், அதனால் உயிர் பிழைக்கும். ஆனால் பையைப் பார்ப்பதற்குக் கொடுத்த கவனத்தில் பாதியாவது மனுவைப் பார்ப்பதற்குக் கொடுக்க வேண்டாமா?

இங்கே கடைசியில் செய்தது நடுவழி. ஜோ காக்ஸ் கொலைக்குப் பிறகே போலீஸில் எம்.பி.க்களின் வீடு, அலுவலகப் பாதுகாப்புக்கென்று ஒரு தனி ஏற்பாடு வந்தது: பூட்டு, அலாரம், கேமரா. 2024 பிப்ரவரியில் மூன்று கோடியே பத்து லட்சம் பவுண்டு கூடுதலாக ஒதுக்கி, மக்கள் பிரதிநிதிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் அழைக்க ஒரு குறிப்பிட்ட போலீஸ் அதிகாரி இருப்பார் என்றார்கள். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான். அவர் காவலுக்கு நிற்பவர் இல்லை. மிரட்டல் வந்தால் யாரிடம் சொல்வது என்று தெரிந்திருப்பதே பெரிய பலம்.

அதிலும் ஓட்டை உண்டு. அமெஸைக் கொன்றவனைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, தீவிரவாதத்துக்குப் போகாமல் தடுக்கும் அரசுத் திட்டத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அவன் கோப்பைச் சீக்கிரமே மூடிவிட்டார்கள் என்று பிறகு நடந்த ஆய்வில் தெரியவந்தது. அவன் வேறு எம்.பி.க்களையும் நோட்டமிட்டிருந்தான். அவர்களில் மைக் ஃப்ரீர் என்பவர் அதை அறிந்ததிலிருந்து கத்திக்குத்தைத் தடுக்கும் சட்டை போட்டுக்கொண்டு பொதுக்கூட்டங்களுக்குப் போனார். அலுவலகத்துக்கும் தீ வைத்தார்கள். 2024 தேர்தலில் நிற்கவே மாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டார். குடும்பத்தை நினைத்து எடுத்த முடிவு, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மிரட்டியவர்கள் ஜெயித்துவிட்டார்களே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, தேன்மொழிக்கு வருகிறேன். அவள் சொல்வதுதான் சரி, பூட்டாதே. ஆனால் வீட்டு வாசலில் சந்திப்பதை நிறுத்தட்டும். அந்த வாசலில் நீயும் கமலாவும் குழந்தைகளும் இருக்கிறீர்கள். வார்டு நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ வாரத்தில் இரண்டு சாயங்காலம் உட்காரட்டும். நேரத்தை எழுதி ஒட்டினால் ஜனங்கள் பழகிக்கொள்வார்கள். தனியாக உட்காரவே கூடாது. மகளிர் குழுவில் அவளோடு வேலை பார்த்த இரண்டு பேர் இருந்தால் போதும், ஆனால் ஆபத்து என்றால் என்ன செய்வது என்று அவர்களோடும் பேசிவைக்க வேண்டும். அவள் நாற்காலி வெளியே போகும் கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மேசையைச் சுற்றி ஆள் வர முடியாதபடி ஒரு பக்கம் சுவரோடு ஒட்டிப் போடச் சொல். எங்கே போகிறேன் என்று வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே போடாமல், போய்வந்த பிறகு படம் போடலாம்.

முக்கியமாக, மிரட்டல் எதையும் சின்ன விஷயம் என்று விட வேண்டாம். தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாம் ஒரு நோட்டில் எழுதட்டும். போனில் வந்த ஆபாசச் செய்திகளையும் அழிக்கக் கூடாது. பெண் கவுன்சிலருக்கு அதுதான் அதிகம் வருகிறது, அவள் உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க மாட்டாள். ஸ்டேஷனில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தர் மழுப்பினால் நீயும் கூடப் போய் நில். மந்திரிக்குப் பின்னால் நாலு வண்டி போகும் நம் ஊரில், வார்டு கவுன்சிலருக்கு ஒரு போலீஸ்காரரின் நேரடி நம்பர்கூடக் கிடையாது. மக்களை அதிகம் நேரில் பார்ப்பது அவள்தான். மன்றக் கூட்டத்திலேயே அவள் இதை எழுப்பலாம், எல்லாக் கட்சிப் பெண்களும் சேர்ந்துகொள்வார்கள்.

அப்புறம், அந்தக் குடிகாரன் எதற்கு வந்தான் என்று யாராவது கேட்டீர்களா? கேட்டை உதைத்தது தப்புதான், புகார் கொடுக்கலாம். ஆனாலும் அவன் வீட்டில் என்ன நடக்கிறது என்று மகளிர் குழு மூலமாக விசாரிக்கச் சொல்.

பொங்கலுக்கு வரலாம் என்று இருக்கிறோம், டிக்கெட் விலை பார்த்து முடிவு செய்வோம். அதற்குள் நூலக அறை கிடைக்குமா என்று தேன்மொழி கேட்டுவைக்கட்டும். கிடைத்தால் நாற்காலி வாங்கும் செலவு என்னுடையது. கமலாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவதை மறக்க வேண்டாம்.

அன்புடன்,
ராமமூர்த்தி