மாப்ளே, சீட்டுக்கு எத்தனை பேர் என்று கேள்

குவாத்ர் போர்ன், மொரீஷியஸ்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

ஆவணியில் வந்த உன் கடிதத்துக்குத் தையில் பதில் போடுகிறேன். திட்ட வேண்டியதை எல்லாம் திட்டி முடித்துவிட்டுப் படி. வீட்டில் எல்லாரும் சுகம். கொர் த கார்ட் மலை முருகன் கோயிலில் கொடியேறிவிட்டது, தெரு முழுக்க விரதம். நம்ம வாத்தியார் 'கட்டை ஸ்கேல்' ரிட்டையர் ஆயிட்டாராமே, அந்த ரெக்கார்ட் நோட்டை இப்போதாவது திருப்பிக் கொடுத்தாரா? நம்ம கூட்டாளி 'ரெண்டு டீ'க்குப் பெண் பிறந்த சேதியை அடுத்தவன் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு உன்னை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

அக்கா மகள் பாப்பாவுக்கு இங்கே எபேன் ஐ.டி. நகரில் கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலைக்கு வந்திருக்கிற ஆஃபர் லெட்டரை, நீ வாட்ஸாப்பில் அனுப்பியதை, மூன்று தடவை படித்தேன். 'எபேன்ல கண்ணாடிக் கட்டடம், 40,000 மொரீஷியஸ் ரூபாய், வெள்ளிக்குள்ள கையெழுத்து' என்று அக்கா குதிக்கிறாள், புரிகிறது. பாப்பாவும் கெட்டிக்காரி. ஆனால் அந்த நாலு பக்கத்தில் எழுதாமல் விட்டதுதான் அதிகம். வாட்ஸாப்பில் தட்டி முடிகிற சமாசாரம் இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதி மெயிலில் அனுப்புகிறேன்.

சம்பளத்தை முதலில் பார்த்துவிடுவோம். 40,000 என்பது மொத்தம். பேசிக் 32,000, மீதி 8,000 'பெர்ஃபார்மன்ஸ் அலவன்ஸ்'. அந்த 8,000 எந்த மாதம் வரும், எந்த மாதம் வராது என்று லெட்டரில் ஒரு வரிகூட இல்லை. கஸ்டமர் கொடுக்கும் மார்க்கோடு அதைக் கட்டியிருந்தால், பாரிஸில் எவனோ எரிச்சலில் ஒரு ஸ்டார் போட்ட மாதம் அது போச்சு. இங்கே கணக்குகள் எல்லாம் பேசிக்கை வைத்துத்தான். வாரம் 45 மணி நேர வேலைக்கு மாதத்துக்கு 195 மணி என்று வகுப்பார்கள். 32,000ஐ 195ஆல் வகுத்தால் மணிக்கு 164 ரூபாய். ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, 246. அரசு விடுமுறையில் வேலை என்றால் இரண்டு மடங்கு. இரவு வேலைக்கு பேசிக்கில் 15 சதவீதம் படி, அதாவது மணிக்கு 25 ரூபாய்கூட இல்லை. இராத்தூக்கத்துக்குச் சட்டம் வைத்திருக்கிற விலை அவ்வளவுதான் என்பதை அக்காவிடம் அப்படியே சொல். டிசம்பரில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் உண்டு, அது சட்டம், கம்பெனி காட்டும் தாராளம் இல்லை.

இன்னொன்றையும் குறித்துக்கொள். 2019ஆம் ஆண்டு தொழிலாளர் உரிமைச் சட்டத்தில் ஓவர்டைம் பகுதி, ஆண்டு பேசிக் 6,00,000 ரூபாயைத் தாண்டாதவர்களுக்குத்தான். மாதம் 50,000 என்று வைத்துக்கொள். அவள் அதற்குக் கீழே இருக்கிறாள், அதனால் காப்பு உண்டு. இரண்டு வருஷம் கழித்து 'டீம் லீடர்' பட்டம் கொடுத்து பேசிக்கை 51,000 ஆக்கினால், ஓவர்டைம் நின்று கைக்கு வருவது குறையவும் செய்யும். அந்த நாள் வரும்போது நினைவூட்டு.

இப்போது ஷிஃப்ட். லெட்டரில் '24×7 ரொட்டேஷனல்' என்று இரண்டே சொல். அவளுக்கு ஃப்ரெஞ்சு தெரியாதே, மாப்ளே. இங்கே அவுட்சோர்சிங் வேலையில் பெரும்பங்கு ஃப்ரான்சுக்கு. பாரிஸ் நேரம் நமக்குக் கோடையில் 2 மணி, குளிர்காலத்தில் 3 மணி பின்னால். காலை 8 மணிக்கு அவர்கள் ஆபீஸ் திறந்தால் இங்கே 10 அல்லது 11. அதாவது ஃப்ரெஞ்சு டெஸ்க் என்பது பகல் வேலை. அது ஃப்ரெஞ்சும் கிரியோலும் வீட்டிலேயே பேசுகிற உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் போகும். இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவர்களுக்கு மிஞ்சுவது அமெரிக்க டெஸ்க் அல்லது இராக்காவல், சர்வர்களை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொள்கிற வேலை. நியூயார்க்கில் காலை 9 என்றால் இங்கே மாலை 5 அல்லது 6. அவர்கள் 5 மணிக்கு வீட்டுக்குப் போகும்போது இங்கே ராத்திரி 1 அல்லது 2. 'ரொட்டேஷனல்' என்று எழுதியிருந்தாலும் அவளுக்கு அது சுற்றாது, இரவிலேயே நிற்கும். கடைசி மூன்று மாத ரோஸ்டரை, அதாவது யாருக்கு எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்ற பட்டியலை, பெயரை அழித்துவிட்டு அனுப்பச் சொல்லி எச்.ஆர்.இடம் கேட்கட்டும். தராவிட்டால் அதுவே பதில்.

ரோஸ்டர் வந்தால் எதைப் பார்ப்பது? ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தது தொடங்க 11 மணி நேரம் ஓய்வு விட வேண்டும், சட்டம். மதியம் 2 முதல் இரவு 11 வரை போட்டு, மறுநாள் காலை 7க்கு மறுபடி போட்டிருந்தால் நடுவில் 8 மணிதான். வண்டி, குளியல், சாப்பாடு போக தூக்கம் 5 மணி தேறினால் பெரிது. சுற்று காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிப் போனால் உடம்பு ஓரளவு தாங்கும். இரவு, மாலை, காலை என்று பின்னோக்கி ஓடினால் இரண்டே மாதத்தில் வயிறு கெடும். இதைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் இல்லை. எக்செலில் ஆள் பற்றாமல் கட்டத்தை நிரப்புகிறார்கள்.

அந்த ஆள் பற்றாமைக்குத்தான் வருகிறேன். அவள் கேட்க வேண்டிய கேள்விகளில் முதலாவது இது: ஒரு 24×7 சீட்டுக்கு, அதாவது இராப்பகலாக ஆள் இருக்க வேண்டிய ஒரு நாற்காலிக்கு, எத்தனை பேர்?

கணக்கைச் சேர்ந்தே போடுவோம், பேப்பர் எடு. வருஷத்துக்கு 8,760 மணி. ஒரு ஆள் வாரம் 5 நாள், நாளுக்கு 9 மணி. 260 நாளில் அரசு விடுமுறை 15, ஆண்டு லீவு 22, உடம்பு சரியில்லை என்று 8, பயிற்சிக்கு 10 கழி. மீதி 205 நாள், 1,845 மணி. 8,760ஐ அதால் வகுத்தால் 4.75. அதாவது ஒரு நாற்காலி காலியாகாமல் இருக்க ஐந்து பேர் வேண்டும். க்ளையண்டிடம் விலை பேசும்போது விற்பனைக்காரர்கள் 168 மணியை 45ஆல் வகுத்து 3.73 என்று பார்த்து, நான்கு போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். லீவே எடுக்காத, காய்ச்சலே வராத நான்கு பேர். நிஜத்தில் நான்கு பேரால் 7,380 மணிதான் ஆகும். மிச்சம் 1,380 மணியை அந்த நான்கு பேரே சுமக்க வேண்டும், தலைக்கு வருஷம் 345 மணி. ஒன்பது மணி ஷிஃப்டாக எண்ணினால் 38 கூடுதல் ஷிஃப்ட். 'இன்னிக்கு ஒருநாள் மட்டும் வாம்மா, ஆள் இல்லை' என்று வருஷத்தில் 38 தடவை போன் வரும். லீவு கேட்டால் 'உனக்குப் பதில் ஆள் நீயே பார்த்துக் கொடு' என்பார்கள். காவடி இங்கே அரசு விடுமுறை, ஆனால் பாரிஸுக்குக் காவடி தெரியாது, சீட் திறந்தே இருக்கும். ஐந்து என்று சொன்னால் பாதி பயம் போகும். நான்கு என்றால், மற்றது எல்லாம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

இரண்டாவது கேள்வி, நாளுக்கு எத்தனை டிக்கெட், அதாவது பதிவான கோளாறுப் புகார், முடிக்க எதிர்பார்க்கிறார்கள், ஒன்றுக்குச் சராசரி எத்தனை நிமிடம்? 9 மணி என்றால் 540 நிமிடம். சட்டப்படி டீக்கு 20 நிமிடம் போக 520. ஆளை நூற்றுக்கு நூறு ஓட்டக் கூடாது, 85 சதவீதம்தான் தாங்கும், 442 நிமிடம். டிக்கெட்டுக்கு 12 நிமிடம் என்றால் 36 வரும். '45 எடு' என்றால் 45×12, அதே 540. டீ இல்லை, பாத்ரூம் இல்லை, இரண்டு அழைப்புக்கு நடுவில் மூச்சு இல்லை. சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரம் இந்த 9க்குள்ளா வெளியேயா என்றும் கேட்கட்டும். வெளியே என்றால் ஆபீஸில் இருப்பு 10 மணி.

இந்த அவசரம் வேலையையே எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன், உனக்கும் பிடிக்கும். 'என் அக்கவுண்ட் லாக் ஆகிவிட்டது' என்று ஒருவர் கூப்பிடுகிறார். திறந்துவிட 2 நிமிடம். பெரும்பாலும் நேற்று பாஸ்வேர்ட் மாற்றியிருப்பார், அவர் போனில் பழையது கிடக்கும். போன் அதை வைத்து மெயிலைத் திறக்க முட்டிக்கொண்டே இருக்கும், எண்ணிக்கை தாண்டியதும் மறுபடி லாக். சரியாகச் செய்வதென்றால் லாகின்களைச் சரிபார்க்கிற டொமைன் கன்ட்ரோலர் சர்வரின் செக்யூரிட்டி பதிவேட்டில் 4740 என்ற நிகழ்வைத் தேடி, எங்கிருந்து முட்டுகிறது என்று பார்த்து, அந்தக் கருவியில் பழைய பாஸ்வேர்டை அழிக்கச் சொல்ல வேண்டும். அதற்கு 15 நிமிடம், பல இடத்தில் முதலில் போனை எடுக்கிற முதல் நிலை ஆட்களுக்கு அந்தப் பதிவேட்டைப் பார்க்க அனுமதியும் கிடையாது. நிமிடத்தை எண்ணுகிற மேனேஜரிடம் இருக்கும் பிள்ளை, திறந்துவிட்டு மூடிவிடும். மதியம் அதே ஆள் கூப்பிடுவார், டிக்கெட் மறுபடி திறக்கும், அது அவள் கணக்கில் தப்பாக விழும். வேலை தெரிந்தவளைத் தெரியாதவள் மாதிரி நடக்க வைக்கிறது அந்த ஸ்டாப்வாட்ச். எனக்கு இதில்தான் ரொம்பக் கோபம்.

டிக்கெட்டில் 'பயனர் பதிலுக்காகக் காத்திருக்கிறது' என்று ஒரு நிலை உண்டு, அதில் போட்டால், இத்தனை நேரத்துக்குள் முடிப்போம் என்று க்ளையண்டுக்குச் சொன்ன ஒப்பந்தக் கடிகாரம் நின்றுவிடும். பயனரிடம் எதையும் கேட்காமலே அதை அழுத்தச் சொல்கிற டீம் லீடர்கள் இருக்கிறார்கள். தணிக்கை வந்தால் பதிவேட்டில் அவள் பெயர்தான் இருக்கும், அவர் பெயர் இருக்காது. வாய்வார்த்தையில் சொன்னால் 'மெயில்ல போடுங்க' என்று சொல்லப் பழகட்டும்.

இராக்காவல் சீட் கிடைத்தால் இதையும் சொல்லிக்கொடு. ஃப்ரெஞ்சு சர்வரின் கன்சோலில் கீபோர்ட் அசெர்ட்டி அமைப்பில் இருக்கும். நம் கீபோர்டில் a அழுத்தினால் அங்கே q விழும், w அழுத்தினால் z விழும். எண் வரிசைக்கு ஷிஃப்ட் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் 1க்குப் பதில் & வரும். பாஸ்வேர்ட் கட்டத்தில் புள்ளிதானே தெரியும். மூன்று தடவை தப்பினால் ராத்திரி 3 மணிக்கு அட்மின் அக்கவுண்டே பூட்டிக்கொள்ளும், 15 நிமிடத்துக்குள் பதில் சொல்ல வேண்டிய கோளாறு தலைக்கு மேல் நிற்கும். திரையை வேறு யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, யூசர்நேம் கட்டத்தில் ஒருமுறை அடித்து எழுத்து சரியா என்று பார்த்து உடனே அழித்துவிட்டு, பிறகு அடிக்கச் சொல். அந்த நேரத்தில் எழுப்ப இரண்டாம் நிலை ஆள் யார், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்ற பட்டியல் மேசையிலேயே இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் எல்லாப் பழியும் உட்கார்ந்திருக்கிற பிள்ளை மேல் விழும்.

லாகின் நேரம் என்று ஒன்று. 'ஷிஃப்டுக்கு 15 நிமிடம் முன்னால் வந்து வி.பி.என்., சாஃப்ட்போன் எல்லாம் ஏற்றி வை, முடிந்ததும் 15 நிமிடம் ஹேண்ட்ஓவர்' என்பார்கள். நாளுக்கு அரை மணி, மாதம் 22 நாளுக்கு 11 மணி. ஓவர்டைம் விலையில் 2,700 ரூபாய். பஞ்ச் எடுக்கும் நேரத்தைத் தன் டைரியில் தினமும் குறிக்கட்டும். தொழிலாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டிய நாள் வந்தால் அந்த டைரிதான் பேசும்.

வண்டி முக்கியம். ரோஸ்ஹில்லிலிருந்து எபேன் வழியாக ரெத்யுய் வரை 2023இலிருந்து மெட்ரோ ஓடுகிறது, பகலில் சௌகரியம். ராத்திரி 2 மணிக்கு மெட்ரோவும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. வீட்டு வாசல் வரை கொண்டுவிடுவார்களா, மெயின் ரோட்டிலா என்பதை எழுத்தில் வாங்கு. புயல் நாளையும் கேள். 2024 ஜனவரி 15இல் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை நீயும் டி.வி.யில் பார்த்திருப்பாய். மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்தால் ஊர் வீட்டுக்குள் போய்விடும், 24×7 சீட் மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அந்த நேர வேலைக்கு பேசிக்கின் மூன்று மடங்கு படியும் சாப்பாடும் சட்டத்தில் இருக்கிறது. படுக்க இடம் உண்டா என்று அவள் கேட்கட்டும்.

கடைசியாக, அந்த 24 மாத பாண்ட், நடுவில் விட்டால் பணம் கட்டச் சொல்கிற ஒப்பந்தம். இங்கே அவள் வேலை அனுமதி அந்தக் கம்பெனியோடு கட்டியது. விட்டால் புது முதலாளி, புது விண்ணப்பம். அதனால் 'பிடிக்கலைன்னா மாறிக்கலாம்' என்று மதுரையில் சொல்வது போல் இங்கே சொல்ல முடியாது. பாண்ட் தொகை எந்தப் பயிற்சிக்கு, எத்தனை மாதம் ஆனால் எவ்வளவு குறையும் என்று மாதவாரியாக எழுதித் தரச் சொல். பாஸ்போர்ட்டை 'பத்திரமா வைக்கிறோம்' என்று யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

வரவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐந்து பேர் சீட்டில், நல்ல இரண்டாம் நிலை ஆட்களுக்குக் கீழே இரண்டு வருஷம் இருந்தால் அவள் பெரிய ஆளாக வருவாள். ரோஸ்ஹில்லில் அன்ஸ்டிட்யூ ஃப்ரான்சே இருக்கிறது, ஃப்ரெஞ்சு படித்தால் பகல் டெஸ்க்குக்கு மாற வழி உண்டு. வந்தால் எங்கள் வீட்டில் ஒரு அறை காலி, அக்காவிடம் சொல்.

நாளைக்கே எச்.ஆர்.க்கு மெயில் போடச் சொல். சீட்டுக்கு எத்தனை பேர், மூன்று மாத ரோஸ்டர், நாளுக்கு எத்தனை டிக்கெட், 8,000க்கு என்ன நிபந்தனை, இராவண்டி, பாண்ட் கணக்கு. வியாழன் இரவு உன் கடிகாரத்தில் பத்தரைக்குக் கூப்பிடுகிறேன், இங்கே ஒன்பது. பாப்பாவையும் பக்கத்தில் உட்கார வை, பதில் மெயிலைத் திறந்து வைத்திருக்கட்டும்.

உன்
மாப்ளே